ஊருக்கெல்லாம் ஒரே துடிப்பு

பனங்காடு முடிந்து செம்மணல் மேடுகளான தேரி தொடங்குகிற இடத்தில் இருக்கும் தாழையூரணியில், மினிபஸ் டிரைவர் உச்சிமாகாளியின் உடம்பைச் சுடுகாட்டில் எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்து, ஊர்சனம் தலைமுழுகி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும், அவனுடைய இதயம் மட்டும் மேட்டுத்தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மருத்துவக் கல்லூரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. அதைக் கொடுத்தவள் அவனுடைய அக்கா கோமு. பஜாரில் வளையல் கடை வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு தம்பியும் மகள் வடிவுமாக அவள் குடும்பம் மூன்று பேரோடு நின்றுபோயிருந்தது.

மாகாளி பஸ் மேல் ஏறி வெங்காய மூட்டையின் கயிற்றை அவிழ்க்கும்போது கால் வழுக்கித் தார்ரோட்டில் மண்டை அடிபட விழுந்தான். மூளைச்சாவு என்றார்கள். டாக்டர் நசீமா கோமுவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, இவன் இனி எழுந்திரிக்க மாட்டான், ஆனால் இவனால் சிலர் எழுந்திரிக்கலாம் என்று சொன்னார். கோமு தலையை ஆட்டினாள். சிறுநீரகங்கள் எங்கோ போயின, ஈரல் மதுரைக்குப் போனது. இதயத்தைத்தான் யாருக்கும் வைக்க முடியவில்லை.

“அடிபட்டதுல அது ரொம்பச் சோர்ந்துடுச்சுக்கா,” என்றார் டாக்டர். “இப்படிச் சோர்ந்த இதயத்தை வெளியில வச்சு, சூடான ரத்தம் ஓடவிட்டு, தேத்த முடியுமான்னுதான் நாங்க ஆராய்ச்சி பண்றோம். அதுக்குக் குடுப்பீங்களா? கூடிப்போனா ஒரு நாள் ஓடும். அப்புறம் நின்னுடும்.”

அது நிற்கவில்லை. ஒரு நாள் கழிந்து ஒரு வாரம் ஆயிற்று, வாரங்கள் கழிந்து தேரியில் காற்று மாறுகிற காலமும் வந்தது, அது குழாய்களின் நடுவில் ஈரமாக, சிவப்பாக, யாரையும் கேட்காமல் துடித்தது. மெஷினைத் துடைப்பதற்காகக் குழாய்களைக் கழற்றிய நேரத்திலும் துடித்தது. நர்ஸுகள் முதலில் எட்டி எட்டிப் பார்த்தார்கள், பிறகு அந்த அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்கள், அதற்கும் பிறகு செருப்போடேயே போனார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஐயர்தான் திணறினார். பாதி போயும் பாதி போகாமலும் இருக்கிறவனுக்கு எந்த மந்திரம் சொல்வது என்று தெரியாமல், பிண்டத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

கோமுவுக்கு அன்றைக்குப் பிடித்தது பயம். தம்பியை உயிரோடே தூக்கிக் கொடுத்துவிட்டோமோ என்ற நினைப்பு சோற்றுக்குள்ளும் குளிக்கிற தண்ணீருக்குள்ளும் வந்து நின்றது. கடையைச் சாத்திவிட்டு மத்தியானங்களில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பாள். அந்தத் துடிப்புக்கு ஒரு நொண்டல் இருந்தது. ஒழுங்காகத் துடித்து வந்து, ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு, தப்பைச் சரிக்கட்டுகிற மாதிரி அடுத்ததை அவசரமாக அடிக்கும். கண்ணை மூடினாலும் அவளுக்கு அது தெரிந்தது.

கட்டிக்கொடுத்து, மாசமாகித் தாய்வீட்டுக்கு வந்திருந்த வடிவுக்கு வளைகாப்பு வைத்த அன்று அந்த விஷயம் வெளியே வந்தது. முதல் வளையலை மகளுக்குப் போட்டுவிட்டு, வந்த பெண்களுக்கெல்லாம் வரிசையாகப் போட்டுவிட உட்கார்ந்த கோமு, பக்கத்து வீட்டுக்காரியின் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கியபோது அந்த நொண்டல் அவள் விரலுக்குக் கீழே ஓடியது. தன் நினைப்புதான் இப்படிச் செய்கிறது என்று அடுத்த கையைப் பிடித்தாள். அதிலும் அதே விழுங்கல், அதே அவசரம். கிழவியின் கை, புதுப்பெண்ணின் கை, மடியில் கிடந்த கைக்குழந்தையின் கை. கடைசியில் தன் இடதுகையைத் தானே பிடித்தாள். பிறகு வடிவின் கையைப் பிடித்தாள். சிவப்பும் பச்சையுமாக வளையல்கள் பாய் முழுக்கச் சிதறின.

“என்னம்மா, என்ன செய்யுது?” என்றாள் வடிவு.

“உன் மாமன்,” என்றாள் கோமு. “உன் மாமன்டி. எல்லார் கையிலயும் இருக்கான்.”

பெண்கள் சிரித்துவிட்டு, பிறகு ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துப் பார்த்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது. மறுநாள் பஜார் முழுக்க ஆட்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, எங்கோ ஒரு கூத்து தொடங்கப்போகிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஊர் எதையும் பழகிக்கொள்ளும், இதையும் பழகியது. மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் எவ்வளவு தம் பிடித்தாலும் நெஞ்சு வேகமெடுக்காததால் பாதி வழியில் கண் இருட்டி உட்கார்ந்தார்கள், அதனால் மூட்டையெல்லாம் பாதி மூட்டை ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தை நிறுத்தினார்கள். கோயில் மேளக்காரர் முதலில் அடித்துப் பார்த்து, ஊருக்குள் ஏற்கெனவே ஓடுகிற தாளத்தோடு சண்டை போட முடியாது என்று அந்த நொண்டலையும் சேர்த்தே வாசிக்கப் பழகினார், பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் ஆட்கள் அதே இடத்தில் மூச்சு வாங்கினார்கள். புதிதாகக் கட்டிக்கொண்டவர்கள் ஒருவர் நெஞ்சில் ஒருவர் காது வைத்துப் படுத்து, இது உன்னுடையதா என்னுடையதா என்று தெரியாமல் விலகிப் படுத்தார்கள். சென்னைக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகள் போன் பண்ணி, எங்களுக்கும் அப்படித்தான் அடிக்கிறது என்றார்கள். ஊரில் ஒரு ராத்திரி தங்கிய வியாபாரிகூட அதை வாங்கிக்கொண்டுதான் போனான். பயந்தால் நெஞ்சு படபடக்கும் என்பார்களே, அதுவும் இல்லாமல் போனது. பாம்பைப் பார்த்தாலும் அதே துடிப்புதான், அதனால் பயம் உள்ளே இறங்க வழியில்லாமல் தொண்டையிலேயே கட்டிபோல நின்றது.

பிறகு ஒரு நாள் மத்தியானம், கண்ணாடிப் பெட்டிக்குள் ரத்தம் மாற்றும்போது சூடு குறைந்த ரத்தத்தைத் தெரியாமல் விட்டுவிட்டார்கள். இதயம் சுருண்டு, திணறி, தாறுமாறாக அடித்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தொட்டில் குழந்தைகள் நீலம் பாரித்தன. அது தேறும்போது ஊரும் தேறி எழுந்தது. எழுந்த ஊருக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. அது நின்றால் எல்லாம் நிற்கும்.

அன்றைக்கே சேர்மன் தளவாய் ஆட்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு, ஊரில் எந்தச் சண்டையையும் நாற்காலியில் இருந்தபடியே தீர்த்துவைக்கிறவர். தன் ரைஸ்மில் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து ஆராய்ச்சி அறைக்குப் பின்னால் இறக்கினார். முறைபோட்டு ஆட்கள் காவல் இருந்தார்கள். வாசலில் கற்பூரமும் மெழுகுவர்த்தியும் எரிந்தன. கோமு தெருவில் நடந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அது மரியாதையா வெறுப்பா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர்களாலும் முடிந்திருக்காது.

ஐப்பசி மழை தொடங்கியபோது டாக்டர் நசீமா கோமுவின் கடைக்கே வந்தார். நனைந்த துப்பட்டாவைப் பிழியக்கூட இல்லை.

“அக்கா, அது தேறிடுச்சு. நல்ல இதயமா ஆயிடுச்சு. இனிமே அதை ஒருத்தருக்கு வைக்கலாம்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வார்டுல ஜெபக்கனின்னு ஒரு பொண்ணு இருக்கா. வேம்பார் பக்கம். பச்சைப்பிள்ளைக்காரி. அவளுக்குப் பொருந்துது. இந்த ஊர்லயே அவளோடது ஒண்ணுதான் இந்தத் துடிப்புக்கு வரல. வர்றதுக்குச் சத்து இல்ல.”

“அப்பம் வைங்களேன். என்னட்ட எதுக்குக் கேக்கியோ?”

“ஆராய்ச்சிக்குன்னுதானே குடுத்தீங்க. இது வேற. நீங்க சரின்னு சொல்லணும். அப்புறம்…” டாக்டர் வளையல் அடுக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மாத்தி வைக்கும்போது அதை நிறுத்தித்தான் ஆகணும். ஐஸ் மருந்து குடுத்து நிறுத்தி, தைச்சு முடிச்சு, திரும்ப ஓடவிடணும். அந்த நேரம் முழுக்க அது துடிக்காது.”

மழை தகரத்தில் அடித்தது. கோமுவின் நெஞ்சு அதன் பாட்டுக்கு ஒன்றை விழுங்கிவிட்டு அடித்தது, டாக்டருடையதும் அதே இடத்தில் விழுங்கியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“நிறுத்தாம அப்படியே விட்டுட்டா?”

“வீங்க ஆரம்பிச்சிருக்கு. உடம்பு இல்லாம எவ்வளவு நாள்தான் ஓடும்? இந்த மாசமோ அடுத்த மாசமோ தானா நிக்கும். அப்ப நின்னா என்னால திரும்ப ஓட்ட முடியாது.”

செய்தி மழையை விட வேகமாகப் போனது. சாயங்காலத்துக்குள் கோமு வீட்டு முற்றம் செருப்பால் நிறைந்தது. தளவாய் நாற்காலி வேண்டாம் என்று நின்றபடியே பேசினார்.

“கோமு, டாக்டரம்மா சொல்லுதது அவங்க படிப்பு. தானா நிக்கும்னு அவங்க முதல் நாளும்தான் சொன்னாவ. நின்னுதா? அது நம்ம பிள்ளை. நமக்காவ ஓடுது. அதைப் போயி நிறுத்துங்கன்னு உன் வாயால சொல்லுவியா?”

“அந்தப் பொண்ணு செத்துரும்லா, அண்ணாச்சி?”

“ஒண்ணு சாவும். நீ சரின்னு சொன்னா எத்தனை சாவும்?” அவர் வடிவின் வயிற்றைப் பார்த்தார். மிரட்டலாகப் பார்க்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. “அதுக்குள்ள இருக்கதும் அந்தத் துடிப்புலதான ஓடுது?”

 மறுநாள் காலையில் கோமு, முடியாது என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, அதை டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று வார்டுக்குப் போனாள்.

ஜெபக்கனி மூன்று தலையணைக்கு மேல் சாய்ந்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற நிறம். கோமு யாரென்று தெரிந்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

“வேண்டாம்னு சொல்லத்தான வந்தியோ?” என்றாள் அவளே. மூச்சு வாங்கி வாங்கி வந்தது. “சொல்லிருங்கக்கா. எனக்கும் பயமா இருக்கு. எம்மவ மூஞ்சியப் பாக்கணும்னு ஆசைதான். ஆனா ஒரு ஊரையே படுக்கப் போட்டுட்டு நான் எந்திரிச்சு, யார்ட்ட போயி எப்படி இருக்கேன்னு கேப்பேன்?”

  கோமு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஆராய்ச்சி அறைக்கு நடந்தாள். காவலுக்கு இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

அது வீங்கித்தான் இருந்தது. கண்ணாடியில் ஒருபக்கம் உரசியது. விழுங்குகிற இடத்தில் முன்னைவிட நேரம் எடுத்தது, அந்த நேரம் முழுக்க அறைக்கு வெளியே காவல்காரர்களும், தெருவில் ரிக்‌ஷாக்காரரும், அடுக்களையில் வடிவும், அவளுக்குள் இருப்பதும் காத்திருக்கிறார்கள் என்று கோமுவுக்குத் தோன்றியது. எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு இது மேடேறுகிறது. மாகாளிக்கு இல்லை என்று சொல்ல வராது, பஸ்ஸில் இடம் இல்லாவிட்டாலும் படியில் நில்லுங்க என்று ஏற்றிக்கொள்வான். அவன் பயந்துபோயிருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. இறக்கிவிட யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று.

“இறங்கிருல,” என்றாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயை வைத்து. “நான் சொல்லிக்கிடுதேன்.”

அவள் ஒளித்துச் செய்யவில்லை. சந்தை கூடிய நேரத்தில் பஜார் நடுவில் தன் கடைப்படி மேல் ஏறி நின்று, நான் சரின்னு சொல்லியாச்சு என்றாள். யாரோ கல்லை எறிந்தார்கள், கடைக்குள் கண்ணாடி நொறுங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் இறங்கவில்லை.

“அது எப்படியும் நிக்கப் போவுது. நாம எல்லாரும் உறங்கும்போது தானா நிக்கட்டுமா, ஓட்டத் தெரிஞ்சவங்க கையில நிக்கட்டுமா? திரும்ப ஓடும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எம்மவ வயித்துப் பிள்ளையையும் வச்சுத்தான் சொல்லுதேன்.”

  கூட்டத்தின் பின்னால் இருந்து ஒரு பொம்பளைக் குரல் கேட்டது, தளவாயின் மனைவி ஆவுடையம்மாள்.

“எப்பம்னு மட்டும் சொல்லிரு. பிள்ளைகளுக்கு நல்ல சோறு பொங்கிப் போடணும்.”

குறித்த நாளில் தாழையூரணி விடிந்ததும் குளித்தது. நல்ல துணிமணியை எடுத்து உடுத்தியது. மாடுகளை அவிழ்த்துத் தேரிப் பக்கம் விட்டார்கள், கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார்கள், அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள், பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் போய்ப் பேசினார்கள். மத்தியானச் சோறு முடிந்ததும் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு அவரவர் வாசலில் உட்கார்ந்தார்கள். கோமுவும் வடிவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் நசீமா உள்ளே போகும்போது அவர்களைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

“நீங்களும்தான டாக்டரம்மா?” என்றாள் கோமு.

“நானும்தான்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அது நின்றபோது யாரும் விழவில்லை. உடம்புக்குள் நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மில் நின்றுபோன மாதிரி ஒரு அமைதி, அவ்வளவுதான். ரத்தம் மடையடைத்த தண்ணீராக அங்கங்கே நின்றது. கண் தெரிந்தது, காது கேட்டது, ஆனால் உள்ளே எதுவும் நகரவில்லை, விரல் நுனியில் இருந்து குளிர் மேலே ஏறிவந்தது. காற்றடித்துப் பனை ஓலை உரசுகிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. தாய்மார் மடியில் குழந்தைகள் விழித்தபடி அசையாமல் கிடந்தன, அழ வேண்டும் என்றுகூட அவற்றுக்குத் தோன்றவில்லை. உள்ளே, நசீமாவின் கை நடுங்கவே இல்லை என்று பிறகு நர்ஸுகள் சொன்னார்கள். எந்த டாக்டர் கையிலும் நாடியின் நடுக்கம் கொஞ்சம் இருக்குமாம். நாடியே இல்லாத கை தைத்த தையல் அப்படி ஒரு தையல்.

நேரம் போனது. சொன்னதை விட அதிகமாகப் போனது. வெயில் வராந்தாவில் இருந்து இறங்கி முற்றத்துக்குப் போயிற்று. வடிவு உதட்டை அசைத்தாள்.

“அம்மா. உள்ள அசையலம்மா.”

கோமு மகள் வயிற்றில் கையை வைத்தாள். குளிர்ந்த மண்பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. தம்பியைக் கொடுத்தேன், இப்போது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். அழுவதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும், அதுவும் இல்லை. கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

உள்ளே இதயத்தை ஓடவிடக் கரண்ட் கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. மறுபடி கொடுத்தார்கள். கேட்கவில்லை.

அப்போதுதான் கோமுவின் உள்ளங்கைக்குக் கீழே என்னமோ தட்டியது. சின்னதாக, வெகு வேகமாக, எந்த நொண்டலும் இல்லாமல், யாருக்காகவும் காத்திராமல், வடிவின் வயிற்றுக்குள் இருந்தது தன் பாட்டுக்கு ஓடத் தொடங்கியிருந்தது. வடிவு பெரிதாக மூச்சை இழுத்தாள். கோமுவின் நெஞ்சு புரண்டு, இடித்து, அவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு வேகத்தில் அடித்தது. பயத்தில் படபடவென்று அடித்தது. எத்தனை மாதத்துப் பயமோ, அவ்வளவும் இப்போதுதான் இறங்குகிற மாதிரி அவள் வாய்விட்டு அலறினாள். தெருவில் ஒரு குழந்தை அழுதது. இன்னொன்று. பிறகு ஊரே அழுதது, ஒருவர் துடிப்பு ஒருவருக்கு ஒட்டாமல், ஆயிரம் கடிகாரக் கடைகளைத் திறந்துவிட்ட மாதிரி தாறுமாறாக. அந்தச் சத்தத்தில்தான் மூன்றாவது கரண்டுக்கு ஜெபக்கனியின் மார்புக்குள் அது ஒரு தடவை திணறிவிட்டு, விழுங்காமல், ஒழுங்காக அடிக்கத் தொடங்கியது என்று நர்ஸ் ஓடிவந்து சொன்னாள்.

எல்லோருக்கும் துடிப்பு திரும்பிவிடவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சேர்மன் தளவாய்க்குத் திரும்பவில்லை. அவருடைய சொந்த நெஞ்சு எப்போதோ ஓய்ந்துவிட்டிருக்க வேண்டும், இத்தனை நாளும் மாகாளிதான் அவரை ஓட்டியிருக்கிறான் என்றார்கள். அப்படி இல்லை, கோமுதான் கொன்றாள் என்றும் சிலர் சொன்னார்கள்.

பொழுது சாய்வதற்குள் ஆவுடையம்மாள் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நெற்றியில் குங்குமம் இன்னும் இருந்தது. வராந்தாவில் இருந்த கோமு எழுந்து நின்றாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

“ஏட்டி, கோமு,” என்றாள் ஆவுடையம்மாள். “கண்ணை மட்டும் செத்த பிறவும் எடுக்கலாம்னு சொல்லுதாவளே. நெசமா?”

“ஆமாக்கா. சீக்கிரமா எடுக்கணுமாம்.”

“அப்பம் டாக்டரம்மாட்ட சொல்லு. நல்ல கண்ணு. கண்ணாடி போடாமலே பேப்பர் படிப்பாவ.” அவள் குரல் அங்கேதான் உடைந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு எடுத்தாள். “பயமாத்தான் இருக்கு. அதுக்காவ மண்ணுக்கா குடுக்க?”

கோமு அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் நெஞ்சும் வேறு வேறாக அடித்தன. டாக்டர் நசீமா கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டு, தளவாயின் கண்களை எடுக்க ஆட்களை அனுப்பினார்.

கண்களைக் கொடுத்த செய்தி வீட்டுக்கு வீடு போயிற்று. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது மட்டும் பிள்ளைகளை இறுக்கி அணைத்துக்கொண்டு, காலையில் கண் விழிக்கும்போது யாருடைய பார்வையில் ஊரைப் பார்க்கப்போகிறோமோ என்ற பயத்தோடு, தாழையூரணி மெல்லக் கண்ணை மூடியது.